மணப்பெண்ணின் படத்தை யாரிடம் கேட்டுப் போடுவது?

எங்கள் தொழிலில் விளம்பரப் பொருளை வாடிக்கையாளரே பணம் கொடுத்து உருவாக்கித் தருகிறார். சோப்பு விற்கும் கம்பெனி ஒரு நடிகையைத் தேட வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவுக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. பட்டும் நகையும் பெண்வீட்டுச் செலவு. மேடை அலங்காரமும் ஒப்பனையும் மண்டப வாடகையும் அவர்களுடையவை. அதற்கும் மேல் எங்களுக்குக் கூலியும் தருகிறார்கள். அன்று இரவே அந்தப் பெண்ணின் முகம் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏறிவிடுகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆர்டர் வருகிறது. இந்த ஏற்பாட்டைத் தொழிலில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு மட்டும் சில வருடங்களாக இது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மதுரையில் என் மாமனார் தொடங்கிய ஸ்டூடியோ எங்களுடையது. கணவரும் கொழுந்தனாரும் கேமரா பிடிக்கிறார்கள். ஆர்டர் பேசுவது, கணக்கு, ஆல்பம் அச்சுக்குப் போகும்முன் சரிபார்ப்பது, விளம்பரம் எல்லாம் என் பொறுப்பு. ஆகவே விளம்பரத்தைப் பற்றிச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகளுக்கும் நான்தான் போய்வருகிறேன். அங்கே சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: தினமும் ஒரு ரீல் போடுங்கள், முகூர்த்தம் முடிந்த சூட்டோடு போடுங்கள், மணப்பெண் அழுவதும் அப்பா கண்ணைத் துடைப்பதும் நன்றாக ஓடும். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்த பிறகு, இந்த அறிவுரைக்கு மறுபேச்சு இல்லாமல் போய்விட்டது. ‘மகளை அனுப்பிவைக்கும்போது அப்பா அழுகிறார், அதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டீர்களா’ என்று அந்த வகுப்புகளில் ஒருவரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காலம்

மாமனார் காலத்தில் விளம்பரம் என்றால் வாசலில் இருந்த ஷோகேஸ்தான். உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, மேலே குழல்விளக்கு, பத்துப் பன்னிரண்டு என்லார்ஜ்மென்ட்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வெயில் படும் பக்கத்துப் படங்கள் ஒரு வருடத்துக்குள் நிறம் மங்கிவிடும். அப்போது அதைக் கழற்றி வேறொன்று மாட்டுவார். கழற்றிய படத்தைக் கசக்கி எறியமாட்டார், அந்த வீட்டாருக்குப் புதிதாக ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஷோகேஸில் வைக்கும்முன் பெண்ணின் அப்பாவிடமோ மாமியாரிடமோ வாய்வார்த்தையாகக் கேட்டுவிடுவார். கல்யாணமாகாத பெண்ணின் படத்தை வைத்ததே கிடையாது. பெண் பார்க்க அனுப்பும் போட்டோ எடுக்க வருபவர்கள் பிரதியோடு நெகட்டிவையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்குத் தனிக்காசு கொடுப்பதற்கும் தயங்கமாட்டார்கள். எந்தச் சட்டமும் படிக்காத மக்கள், படம் யார் கையில் இருக்கிறது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்போதும் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை, அப்பாவிடம்தான் கேட்டார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. படம் ஒரு தெருவில் இருந்தது. வேண்டாம் என்றால் பின்பக்கத் திருகாணியைக் கழற்றி எடுத்துக் கொடுத்துவிடலாம். எடுத்தால் எடுத்ததுதான், வேறெங்கும் அது இருக்காது.

இன்றைக்கு ஒரு மணப்பெண்ணின் ஒரே படத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முகூர்த்தம் முடிந்து கெட்டிமேளச் சத்தம் அடங்குவதற்குள் ஒப்பனைக் கலைஞரிடமிருந்து வாட்ஸ்ஆப் வந்துவிடும். புடவை கட்டிவிட்டவர், ஜடை அலங்காரம் செய்தவர், மெஹந்தி போட்டவர், ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைக்காரர், வாடகை நகைக்கடை, மேடை அலங்காரக்காரர், மண்டபத்தார் என்று வரிசை நீளும். ‘அக்கா, இரண்டு படம் மட்டும்’ என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களில் பலர் வீட்டில் இருந்தபடி தொழில் செய்யும் பெண்கள். அந்த இரண்டு படம்தான் அவர்களுக்குக் கடை, பெயர்ப்பலகை எல்லாம். ஆனால் கூட்டிப் பார்த்தால், மணப்பெண் தன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது ஏழெட்டுப் பக்கங்களில், ஏழெட்டு விலைப்பட்டியல்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒருவராலும் பின்தொடர முடியாது. மதுரையில் எடுத்த படம் வேறு ஊர் அழகு நிலையத்தின் பிளெக்ஸ் பலகையில் தொங்குவதெல்லாம் இப்போது சாதாரணம்.

ஓர் ஆடி மாத மத்தியானம்

ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் ஸ்டூடியோ சும்மா இருக்கும் என்று நினைப்பார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு விசாரிக்க வருபவர்கள் அந்த மாதத்தில்தான் அதிகம். அப்படி ஒரு மத்தியானம் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, பெரியம்மா, கல்யாணப்பெண் மூவரும். மண்டபம் பேசி முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். வழக்கம்போல் சாம்பிள் ஆல்பங்களை எடுத்து மேசையில் வைத்தேன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம், விரித்தால் ஒரு கஜ அகலம். ஒருவர் மடியில் வைத்துப் பார்க்க முடியாது, மேசையைச் சுற்றி நின்றுதான் பார்க்க வேண்டும்.

நாங்கள் எப்போதும் முதலில் எடுத்துக் காட்டும் ஆல்பம் ஒன்று இருந்தது. அதில் மோதிரம் எடுக்கும் சடங்குக்கு ஒரு முழு ஷீட். குடத்துத் தண்ணீருக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்துவிட்ட பெண், மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்திருக்கின்றன. மாப்பிள்ளை தோற்றுப்போன முகத்தோடு இன்னும் குடத்துக்குள் துழாவிக்கொண்டிருக்கிறார். பின்னால் பாட்டி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கொழுந்தனார் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று அது. அந்த ஒரு ஷீட்டைப் பார்த்தே எங்களுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பெரியம்மா அந்தப் பக்கத்தில் நின்றார். பெண்ணின் முகத்தின் மேல் விரலை வைத்தார். “இது செல்லூர்ப் பெண் அல்லவா? நம் சின்ன மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். கோர்ட்டில் முடிந்துவிட்டது” என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தை அவர்கள் பார்த்த விதமே மாறிவிட்டது. புகைப்படம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தடயம் தேட ஆரம்பித்தார்கள். முதல் பக்கத்துக்குத் திருப்பினார்கள். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று பேச்சு வந்தது. இத்தனை நகை போட்டும் இப்படியா என்று கழுத்து நகையை எண்ணினார்கள். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் கண் எங்கே பார்க்கிறது என்று கேள்வி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரிந்த குடும்பத்தின் கதையை யாரும் இப்படித்தான் பேசுவார்கள். பேசுவதற்குத் தோதாக, நல்ல வெளிச்சத்தில், பெரிய அளவில், முப்பது நாற்பது பக்கங்களுக்கு அச்சடித்து நாங்கள்தான் மேசையில் வைத்திருந்தோம்.

கல்யாணப்பெண் அதுவரை ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, “அக்கா, எங்கள் ஆல்பத்தையும் இங்கே வைப்பீர்களா?” என்று கேட்டாள்.

நான் இதில் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. அந்த ஆல்பத்தை வைத்திருக்க எங்களிடம் அனுமதி இருந்தது. ஆர்டர் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கீழே பெண்ணின் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த முறைகேடும் நடக்கவில்லை. முறையாக வாங்கிய அனுமதி இவ்வளவு மெலிந்ததாக இருக்கிறதே என்பதுதான் என்னைப் போட்டுக் குடைந்தது. படம் எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, எடுக்கப்போகும் படம் எது என்றே தெரியாத ஒரு மனிதர், அட்வான்ஸ் கொடுக்கும் அவசரத்தில் போட்ட கையெழுத்து அது. படத்தில் இருப்பவள் அந்த அறையிலேயே இல்லை.

சட்டம் சொல்வது பாதிதான்

படம் எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்று எங்கள் தொழிலில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் உண்மை. இங்கே 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், கூலி பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டில் நாங்கள் எடுக்கும் அத்தனையும் இந்த வரிக்குள் வந்துவிடுகிறது. ஒப்பந்தம் எழுதாமல் ஆர்டர் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று அந்தப் படங்களைத் தன் பக்கத்தில் போடும்போது, அடுத்தவர் சொத்தை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறது.

ஆனால் இந்தச் சட்டப்படி உரிமையாளர் யார்? எடுக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவர். நம் ஊரில் அது அப்பா, தாய்மாமன், சில வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். மணப்பெண் அந்தக் கணக்கில் வருவதே அபூர்வம். போதாக்குறைக்குப் பெண்வீட்டுக்கு ஒரு ஸ்டூடியோ, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு ஸ்டூடியோ என்று வைப்பதும் இங்கே வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திய ஸ்டூடியோ எடுத்த படத்தில் அவளுக்குச் சொத்துரிமை என்று எதுவுமே இல்லை. அவளுக்கு இருப்பது வேறொரு உரிமை. அதைச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது குறித்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு கருத்து இருக்கிறது: ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ அந்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். கல்யாணத் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம். கல்யாணங்கள் முறிகின்றன. கணவன் இறந்துபோகிறான். சில பெண்கள் வேறு ஊரில் வேறு வாழ்க்கை தொடங்குகிறார்கள். நேற்று சந்தோஷமாகச் சொன்ன ‘சரி’ இன்றைக்குச் செல்லாமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம், எங்களிடம் அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை.

இதையெல்லாம் நான் பேசும்போது நண்பர் ஒருவர் புதுச்சேரியை எடுத்துக்காட்டினார். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து வைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய தம்பதிகளின் படங்களை இன்று நாம் ஆசையோடு பார்க்கிறோமே, அவர்களிடம் யார் அனுமதி கேட்டார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். என் பதில் இது: அந்தப் படங்களை வைத்து அங்கே யாரும் அடுத்த வாரத்து ஆர்டர் பிடிக்கவில்லை. பாதுகாப்பதும் கடை விரிப்பதும் வேறு வேறு. நாங்கள் பாதுகாக்க வேண்டியதைத்தான் சரியாகப் பாதுகாப்பதில்லை. ஆல்பம் கொடுத்த சில மாதங்களில் ஹார்டு டிஸ்கை அழித்துவிட்டு, ரீலை மட்டும் வருடக்கணக்கில் விட்டுவைக்கும் ஸ்டூடியோக்களை எனக்குத் தெரியும்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

ஆர்டர் படிவத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டோம். அனுமதியை ஆல்பம் கொடுக்கும் நாளில்தான் கேட்கிறோம். அதற்குள் எல்லாப் படங்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆல்பம் வாங்கப் பெரும்பாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வருவார்கள், கல்யாணப் பரபரப்பும் அடங்கியிருக்கும். ‘உங்களுக்கு விருப்பம் இருந்தால், வெளியில் காட்டலாம் என்று நீங்கள் நினைக்கும் படங்களைத் தேர்ந்து கொடுங்கள். வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம்’ என்கிறோம். தேர்ந்து கொடுப்பவள் பெண். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்த நாளும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எடுத்துவிடுவோம், ஏன் என்று கேட்கமாட்டோம் என்பதையும் எழுதியே கொடுக்கிறோம்.

இதனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெண்கள் தேர்ந்து கொடுக்கும் படங்கள் நாங்கள் போட நினைத்தவை அல்ல. மேடையில் தனியாக நின்று எடுத்த அலங்காரப் படத்தை அவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பதில்லை. திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண், முகூர்த்தக் கூட்டத்தில் நெரிபட்டு வெளியே வந்ததும் அவளுடைய அத்தை அவள் புடவைக் கொசுவத்தை மண்டியிட்டுச் சரிசெய்யும் படத்தைக் கொடுத்தாள். அத்தையின் வாயில் ஊக்கு, பெண்ணின் கையில் பாதி குடித்த காளிமார்க் பாட்டில். எங்கள் கண்ணில் அது ஆல்பத்திலேயே சேராத படம். அதைப் பக்கத்தில் போட்ட வாரத்தில் விசாரித்தவர்களில் சிலர், ‘இந்தப் படத்தை எடுத்தவர்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்’ என்றார்கள். விளம்பரத்துக்கு எது ஓடும் என்று வகுப்பில் கற்றதைவிட இது எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எல்லாம் சுமுகமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். தினமும் ஒரு ரீல் போடும் ஸ்டூடியோக்களின் பக்கங்கள் வளரும் வேகத்தில் எங்கள் பக்கம் வளரவில்லை. தொலைவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் விசாரிப்பது குறைந்திருக்கிறது. கொழுந்தனாருக்கு இதில் வருத்தம் உண்டு, அவர் எடுத்த நல்ல படங்கள் பல பேர் பார்க்காமல் கிடக்கின்றன என்கிறார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். இன்னொரு பக்கம், ‘எங்கள் படத்தை ஏன் இன்னும் போடவில்லை’ என்று கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். தன் கல்யாணத்தை ஊருக்கே காட்ட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுகிறார்கள், அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. அப்பா வேண்டாம் என்கிறார், பெண் வேண்டும் என்கிறாள் என்ற நிலை வந்தால் பெண் சொல்வதைக் கேட்கிறோம். பெண் வேண்டும் என்று சொல்லி மாப்பிள்ளை வேண்டாம் என்றால், அவர் முகம் இல்லாத படங்களை மட்டும். பந்தியில் சாப்பிடுபவர்களை எந்தக் காரணத்துக்காகவும் போடுவதில்லை. இலையில் குனிந்து சாப்பிடும் மனிதருக்கு அருகில் விளக்கைக் கொண்டுபோய் வைத்துப் படம் எடுப்பதே மரியாதைக் குறைவு என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஒப்பனைக்காரர்களுக்கும் ரவிக்கைக்காரர்களுக்கும் வழி கண்டுபிடிப்பது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. ஆரி வேலைப்பாட்டைக் காட்ட முதுகுப்பக்கப் படம் போதும். ஜடைக்கும் அதுவே. மெஹந்திக்குக் கை. இவற்றைத் தனியாக எடுத்து அன்றே கொடுத்துவிடுகிறோம். முகத்தில்தான் தொழில் இருக்கிறது என்பதால் ஒப்பனைக் கலைஞர் மட்டும் பெண்ணிடமே நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தச் செல்லூர் ஆல்பத்தை அன்று மாலையே உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். மேசையில் இப்போது இருக்கும் சாம்பிள் ஆல்பம் என் நாத்தனார் மகளுடைய கல்யாணம். அவளே கொண்டுவந்து கொடுத்தது, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போவாள். மற்றபடி, நல்ல ஆர்டர்கள் எப்போதும் வந்த வழியில்தான் வருகின்றன. மதுரையில் போட்டோக்காரரைத் தேடுபவர் சொந்தத்தில் அண்மையில் கல்யாணம் நடந்த வீட்டுக்குப் போய், அந்த வீட்டு ஆல்பத்தை அந்த வீட்டுக்காரர் காட்டப் பார்க்கிறார். யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே ஆல்பத்தைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுவதில் நான் முன்பைவிடக் கறாராக இருக்கிறேன்.

பாக்கி இருப்பது லைவ் வீடியோக்கள். கொரோனா காலத்தில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தபோது, வர முடியாத உறவினர்களுக்காக யூடியூபில் நேரலை செய்தோம், பத்திரிகையிலேயே இணைப்பை அச்சடித்தார்கள். உறவினர்கள் பார்த்து முடித்தும் அவை அப்படியே பொதுவில் கிடக்கின்றன. மணமக்களின் பெயர் தெரிந்த யாரும் தேடி எடுத்து, மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கடைசிப் பந்தி வரை பார்க்கலாம். இந்த ஆடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பலருக்கு அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது என்பதே நினைவில் இல்லை. சிலர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள், துபாயில் இருக்கும் தம்பி அவ்வப்போது போட்டுப் பார்க்கிறானாம். எண் மாறிப்போனவர்களின் வீடியோக்களைக் கேட்காமலே பொதுப்பார்வையிலிருந்து எடுத்து, ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி வைக்கிறோம். என்றைக்காவது அவர்கள் கூப்பிட்டால் இணைப்பை அனுப்பிவிடலாம்.